துடைத்துவிட்ட சாக்பீஸ் குறிகள்

டிப்போவில் அவரை எல்லோரும் மூணிழுப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸில் இருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும். சக்கரம் வைத்த சரக்குப் பெட்டியை இழுவை வண்டியில் மாட்டியதும் மற்ற டிரைவர்கள் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புவார்கள். பாதிப் பேர் அதுகூடச் செய்வதில்லை. இவர் மூன்று தடவை இழுப்பார். மெதுவாக ஒன்று, அழுத்தி ஒன்று, பிறகு கீழே இறங்கிக் குனிந்து டார்ச் அடித்து, பெட்டியின் ஆணி வண்டியின் தாடைக்குள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து இன்னொன்று. பின்னால் வரிசையில் நிற்கிறவன் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோவான். "அண்ணே, அது எங்கயும் ஓடிப்போயிடாது, நாங்க பிடிச்சுக்கறோம், நீங்க கிளம்புங்க" என்று கத்துவார்கள். அதையெல்லாம் அவர் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை.

வீட்டிலும் இதே கூத்துதான். கதவைப் பூட்டினால் பூட்டை மூன்று இழுப்பு. முட்டை வாங்கினால் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, கடைக்காரரின் பொறுமையை உரித்தெடுத்துவிட்டுத்தான் பையில் போடுவார். "என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னாடியும் மூணு தடவ இழுத்துப் பாத்தீங்களாக்கும்?" என்று அவர் மனைவி கேட்டிருக்கிறாள். "இல்ல, அப்ப எனக்கு விவரம் பத்தல" என்று பதில் சொல்லிவிட்டு அன்றைக்கு முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பிறக்கும்போதே சந்தேகத்தோடு பிறந்தவர் இல்லை அவர். வண்டி ஓட்ட வந்த புதிதில், யார்டில் வேலை பார்த்த ஒருவர் "மாட்டியாச்சு, போ போ" என்று கையை ஆட்ட, இவரும் நம்பிக் கிளம்பினார். பத்தடி தூரம் போனதும் பின்னால் பூமி அதிர்ந்தது. பெட்டி கழன்று மூக்குக் குப்புற விழுந்து கிடந்தது. நல்லவேளை, யார் மேலும் விழவில்லை. கையை ஆட்டிய ஆள், "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். அன்றிலிருந்துதான் மூன்று இழுப்பு.

அப்போதாவது சரக்கு ஏற்றும்போது பக்கத்தில் நிற்கலாம். எந்த மூட்டை எங்கே போகிறது, பாரம் முன்னாலா பின்னாலா என்று கண்ணால் பார்க்கலாம். கயிறும் அவர் கட்டியது, முடிச்சும் அவர் போட்டது. பிறகு கம்பெனிக்காரர்கள் புதிய ஏற்பாடு கொண்டுவந்தார்கள். சரக்கை முன்கூட்டியே பெட்டியில் ஏற்றி, பூட்டி, சீல் வைத்துத் தயாராக நிறுத்திவிடுவார்கள். டிரைவர் வந்து, கொண்டுவந்த பெட்டியை இறக்கி நிறுத்திவிட்டு, நிற்கிற பெட்டியை மாட்டிக்கொண்டு போகவேண்டியதுதான். கிடங்கு வாசலில் ஆறு மணி நேரம் கொட்டாவி விடவேண்டாம். மற்ற டிரைவர்களுக்கு வாயெல்லாம் பல். மூணிழுப்பு மட்டும் சிரிக்கவில்லை.

"எவனோ ஏத்தி, எவனோ பூட்டி, எவனோ சீல் போட்டு வச்சத நான் இழுத்துக்கிட்டுப் போறேன்" என்று மனைவியிடம் புலம்பினார். "உள்ள என்ன இருக்கு, எப்படி இருக்கு, ஒரு மண்ணும் தெரியாது. கையெழுத்து மட்டும் என்னுது."

அந்தக் கையெழுத்தில்தான் விஷயமே இருந்தது. பெட்டியோடு கிளம்பும் முன் அதைச் சுற்றிப் பார்த்து, ஒரு தாளில் கையெழுத்துப் போடவேண்டும். போட்டுவிட்டால் அந்த நிமிடத்திலிருந்து பெட்டியில் எது உடைந்திருந்தாலும் அது உங்கள் தலையில். நேற்று எவன் இடித்தான், முந்தாநாள் எவன் நசுக்கினான் என்றெல்லாம் கேட்கமாட்டார்கள். கடைசியாகக் கையெழுத்துப் போட்டவன் யார், அவ்வளவுதான்.

அவருக்குக் கிடைத்திருந்தது நடுவழி ரூட். இரண்டு ஊர்களில் இரண்டு டிப்போக்கள். இரண்டுக்கும் நடுவே, பெட்ரோல் பங்கை ஒட்டி ஒரு யார்டு. மற்ற ஊர் டிரைவர் காலை பத்து மணிக்கு வந்து ஒரு பெட்டியை விட்டுவிட்டு, முந்தின நாள் இவர் விட்டுப்போன பெட்டியை எடுத்துக்கொண்டு போவார். இவர் பதினொன்றுக்குப் போய்த் தன் பெட்டியை விட்டுவிட்டு, அவர் விட்டதை மாட்டிக்கொண்டு திரும்புவார். சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு. டிப்போவில் இந்த ஒரு ரூட்டில்தான் டிரைவர் தினமும் தன் வீட்டுத் தலையணையில் தலை வைக்க முடியும். அதற்கு அடிதடியே நடக்கும். மூணிழுப்புக்கு அதைக் கேட்டு வாங்கக் காரணம் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில் அவர் மனைவியின் கையிலிருந்து தண்ணீர் டம்ளர் நழுவியது. குனிந்து எடுக்கப் போனவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். கால் சரியாயிற்று, வாய் பழைய கூர்மைக்குத் திரும்பியது, வலது கை மட்டும் வரவில்லை. அவள் லேசுப்பட்டவள் இல்லை. ஒரு மரப்பலகையில் ஆணி அடித்து அதில் காயைக் குத்தி நிறுத்தி இடது கையால் நறுக்கப் பழகினாள். துணி மடிக்க, பொத்தான் போட, கையெழுத்துப் போட எல்லாம் பழகினாள். தலை பின்னுவது மட்டும் ஒரு கையால் ஆகவில்லை. இடுப்பு வரை முடி. அதைச் சீவிப் பின்ன இரண்டு கை வேண்டும்.

ஆகவே தினமும் ஆறு மணிக்கு அவர் வந்து, கிரீஸ் போகச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவிக்கொண்டு ஜன்னலோரம் நிற்பார். அவள் முக்காலியில் உட்கார்ந்திருப்பாள். முதல் மாதம் அவர் பின்னியதைப் பார்த்தால் அறுந்த கயிற்றை முடிந்ததுபோல் இருக்கும். இப்போது கை பழகிவிட்டது. பின்னி முடித்து நுனியில் ரப்பர் போட்டதும் மூன்று தடவை லேசாக இழுத்துப் பார்ப்பார். "முடியக்கூட விடமாட்டீங்களா? இது என்ன பெட்டியா, வழியில கழண்டு விழ?" என்பாள். பகல் முழுக்க நடந்ததையெல்லாம் அவள் அவரிடம் கொட்டுவது அந்த அரை மணி நேரத்தில்தான். அந்த ரூட் போய்விட்டால் மிச்சமிருப்பது தூரவழி. பத்து நாள் வெளியே, இரண்டு நாள் வீட்டில்.

இப்போது அந்தப் பக்கத்தானுக்கு வருவோம்.

மூணிழுப்பு அப்படித்தான் அந்த மற்ற ஊர் டிரைவரைச் சொல்வார், மரியாதையெல்லாம் கிடையாது. ஒரே ரூட்டில் ஒன்றரை வருடம் ஓட்டியும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. அந்த ஆள் விட்டுப்போகிற பெட்டியை வைத்துத்தான் இவர் ஆளை எடை போட்டார். பிரேக்குக்கான காற்றுக் குழாய்கள் சுருட்டி, கொக்கியில் அழகாக மாட்டியிருக்கும். பெட்டியைத் தனியே நிறுத்தத் தாங்கும் முன்கால்களில் ஒரு பொட்டு மண் இருக்காது. "இவ்வளவு நேர்த்தியா வச்சிட்டுப் போறான்னா எதையோ மறைக்கறான்" என்று இவர் முடிவு கட்டினார். குழாய் கன்னாபின்னாவென்று தொங்கியிருந்தால், பொறுப்பில்லாத பயல் என்று முடிவு கட்டியிருப்பார். எப்படியும் அந்தப் பக்கத்தானுக்கு விமோசனம் இல்லை.

யார்டு வாட்ச்மேனிடம் ஒருநாள் கேட்டார்.

"அவரா? தங்கமான மனுஷன்ணே. வர்றப்பல்லாம் எனக்கு டீ வாங்கிக் குடுப்பார்."

"ஏன் வாங்கிக் குடுக்கணும்?"

"ஏன்னா… டீதானேண்ணே."

"சும்மா ஒருத்தன் தினமும் டீ வாங்கிக் குடுப்பானா?" என்று கேட்டுவிட்டு, அன்றிலிருந்து வாட்ச்மேனையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.

இப்படி இருக்கும்போதுதான் முதல் எழுத்து விழுந்தது. தவறு நடந்தால் மேற்பார்வையாளர் ஒரு நோட்டில் டிரைவர் பேரில் எழுதுவார். அதைத்தான் டிப்போவில் எழுத்து என்பார்கள். பெட்டியின் பின்விளக்குக் கண்ணாடி விரிசல் விட்டிருந்ததை டிப்போ வாசலில் கண்டுபிடித்தார்கள். தாளில் இவர் கையெழுத்து. ஆறு வாரம் கழித்து இரண்டாவது: பின்கதவின் கீல் வளைந்திருந்தது. மேற்பார்வையாளர் இவரைவிடப் பதினைந்து வயது சின்னவர், நல்ல பிள்ளைதான். ஆனாலும் அவர் நாற்காலி அவருக்கு.

"அண்ணே, இன்னொண்ணு எழுதினா ரூட்ட மாத்தியே ஆகணும். மூணு எழுத்துன்னா தூரவழி. அது என் கையில இல்ல."

"நான் உடைக்கல சார். அந்தப் பக்கத்தான் உடைச்சு உடைச்சு என் தலையில கட்டறான்."

"கையெழுத்து உங்களுதுண்ணே."

அன்று சாயங்காலம் சிக்கெடுத்துக்கொண்டே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "ஆளையே பாத்ததில்ல, அதுக்குள்ள பழிய தூக்கிப் போடாதீங்க. முதல்ல பெட்டிய ஒழுங்காக் குனிஞ்சு பாருங்க" என்றாள்.

"நானா ஒழுங்காப் பாக்கல? என்னைப் பாத்தா சொல்ற?"

"ஆமா, நீங்க எல்லாத்தையும் பாப்பீங்க. பாக்க வேண்டியதத் தவிர."

அவருக்குச் சுருக்கென்றது. சீப்பை ஒரு இழுப்பு வேகமாக இழுத்துவிட்டார். "ஆ" என்றாள். 

அதற்குப் பிறகுதான் சாக்பீஸ் குறிகள் அவர் கண்ணில் பட ஆரம்பித்தன. முன்பும் இருந்திருக்கும். ஒரு நாள் விளக்குக்குப் பக்கத்தில் சின்னக் கோடு. ஒரு நாள் முன்காலில் இரண்டு கோடு. வெள்ளைச் சாக்பீஸ், சுண்டுவிரல் நீளம். இரண்டு மூன்று நாள் ஒன்றும் இருக்காது, மறுபடி வரும். ஒரு கம்பெனி லாரியில் சீலை உடைக்காமலேயே கதவின் போல்ட்டைக் கழற்றிச் சரக்கைத் திருடினார்கள், டிரைவரையும் சேர்த்துப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது என்று அந்தச் சமயத்தில் டிப்போவெல்லாம் ஒரே பேச்சு. மூணிழுப்புக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. இது திருடர்களுக்குக் காட்டும் அடையாளம். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அந்தப் பக்கத்தான் குறி போட்டு அனுப்புகிறான். மாட்டினால் உள்ளே போவது யார்? கையெழுத்துப் போட்டவன்!

உடனே பிடித்துக் கொடுக்கலாமா? ஆதாரம் வேண்டாமா? அதிலும் உஷாராக இருந்தார். குறி இருந்தால் முதலில் போனில் ஒரு படம் எடுப்பார். பிறகு ஒரு ஈரத்துணியால் குறியை அழுத்தித் துடைத்துவிடுவார். குறியோடு ரோட்டில் போனால்தானே எவனாவது பார்த்துப் பின்தொடருவான்? துடைத்தபிறகுதான் மாட்டுவார். மூன்று இழுப்பு, கையெழுத்து, கிளம்பல். மூன்று மாதத்தில் முப்பது படங்கள் சேர்ந்தன. மனைவியிடம்கூடக் காட்டவில்லை. சொன்னால் ஏதாவது கேட்பாள்.

முப்பத்தொன்றாவது படம் எடுத்த நாளைத்தான் சொல்லவேண்டும்.

அன்று யார்டில் இறங்கியதுமே அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெட்டியின் இடதுபக்கப் பின்சக்கரத்துக்கு மேலே, மட்கார்டில், கோடு இல்லை, வட்டம். தட்டு அளவுக்குப் பெரிய வட்டம். போதாததற்கு உள்பக்கமாகக் காட்டும் ஒரு அம்புக்குறி. இத்தனை நாளில் வட்டம் வந்ததே இல்லை. "இன்னிக்குத்தான் சோலிய முடிக்கப் போறானுங்க" என்று வாய்விட்டே சொன்னார். சுற்றும் முற்றும் பார்த்தார். வாட்ச்மேன் தன் அறையில் செய்தித்தாளில் மூழ்கியிருந்தார். அதுவும் சரியாகப் படவில்லை.

படம் எடுத்தார். துணியை நனைத்து வட்டத்தைத் துடைத்தார், அம்பையும் துடைத்தார். பிறகு நேராகப் பின்கதவுக்குப் போனார். சீல் நம்பரை மூன்று தடவை படித்துத் தாளோடு ஒப்பிட்டார். சீலை இழுத்தார். போல்ட்டுகளில் புதிதாக ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா என்று மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். கதவில் காதை வைத்துக் கேட்டார். இருபது நிமிடம் அதிலேயே போயிற்று. சக்கரங்களை வழக்கம்போல் இரும்புக்கம்பியால் தட்டிப் பார்த்தார், வெளிப்பக்கத்து டயர்களை மட்டும். அதை ஒட்டி உள்ளே இருக்கும் இரண்டாவது டயரைப் பார்க்கவேண்டுமென்றால் வண்டிக்கு அடியில் ஊர்ந்து போகவேண்டும். வேறு நாளாக இருந்தால் போயிருப்பார். அன்று மனமெல்லாம் கதவில் இருந்தது.

ரோட்டில் ஏறியதும் ஒரு வெள்ளைக் கார் பின்னாலேயே வந்தது. இவர் வேகத்தைக் குறைத்தால் அதுவும் குறைத்தது. கண்ணாடியில் கண்ணை வைத்தபடி முக்கால் மணி நேரம் ஓட்டினார். கடைசியில் அந்தக் கார் ஒரு பள்ளிக்கூட வாசலில் திரும்பியது. பின் சீட்டிலிருந்து இரண்டு குழந்தைகள் இவரைப் பார்த்துக் கையாட்டின. 'அப்பாடா' என்று அவர் மூச்சு விடவும், இடதுபக்கம் குண்டு வெடித்ததுபோல் ஒரு சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

உள்பக்கத்து டயர் வெடித்திருந்தது. ரப்பர் துண்டுகள் மட்கார்டைப் பிய்த்து எறிந்து, காற்றுக் குழாயையும் அறுத்துவிட்டிருந்தன. வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி இறங்கினார். இரண்டு நிமிடம் முன்னால் வெடித்திருந்தால் அந்தக் கார் பின்னாலேயே இருந்திருக்கும். அதை நினைத்தார், நினைப்பைத் தள்ளினார். "அந்தப் பக்கத்தான்! தெரிஞ்சே கட்டி அனுப்பியிருக்கான்!" என்று பல்லைக் கடித்தார்.

மெக்கானிக் வந்து சரிபண்ணி, அவர் வீடு போய்ச்சேர எட்டு மணி. அவள் முடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். சீவி முடித்ததும் அவர், "நாளைக்கு அவனை ஒரு வழி பண்ணிடறேன்" என்றார்.

"எவனை?"

"நீ சும்மா இரு. நாளைக்குத் தெரியும்."

மறுநாள் காலை அலுவலகத்தில் மேற்பார்வையாளர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, எழுத மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார். மூணிழுப்பு போனை எடுத்து மேஜையில் வைத்தார்.

"எழுதறதுக்கு முன்னாடி இதப் பாருங்க சார். ஆதாரத்தோட வந்திருக்கேன்."

முதல் படத்திலிருந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். திருட்டு, அடையாளம், வாட்ச்மேனின் டீ என்று எல்லாவற்றையும் கொட்டினார். நேற்றைய வட்டத்துக்கு வருமுன்பே, பத்து பன்னிரண்டு படங்களிலேயே மேற்பார்வையாளருக்குத் தலை சுற்றியது. "போதும்ணே. அந்த ஆளையே கேட்டுடலாம்" என்று தன் போனை எடுத்து, சத்தமாகக் கேட்கும்படி வைத்துவிட்டு, அந்த ஊர் டிரைவரைக் கூப்பிட்டார். மூணிழுப்பு தன் போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மாட்டினான், இன்றைக்கு மாட்டினான் என்று நினைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க சார்" என்றது ஒரு தணிந்த குரல். வயதான குரல்.

"பெட்டில எல்லாம் சாக்பீஸ்ல குறி போடறீங்களாமே, எதுக்கு?"

"ஆமா சார், அந்தப் பக்கத்து அண்ணனுக்குத்தான் போடறேன்." ஒளிவு மறைவே இல்லை. "கோடு போட்டா, அந்த இடத்துல ஒரு கண்ணு வச்சுக்கங்கன்னு அர்த்தம். வட்டம் போட்டா, மாத்தாம எடுக்காதீங்கன்னு. நான் முன்னாடி இருந்த கம்பெனில டிரைவருங்க எல்லாம் அப்படித்தான் பேசிக்குவோம். எங்க ஆபீஸ்ல சொன்னா, அடுத்த டிரைவர் பாத்துக்குவார்னு போனை வச்சிடறாங்க. எழுதிக் குடுத்தா பெட்டி நின்னுடும், நின்னா எதுக்கு எழுதினேன்னு என் மேலயே பாய்வாங்க. அதான் சார், சாக்பீஸ்."



"அவருக்கு அது புரிஞ்சுதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் மேற்பார்வையாளர்.

"புரியாம என்ன சார்! அண்ணன் ஒரு நாள்கூட விட்டதில்ல. என் குறிய ஈரத்துணியால துடைச்சுட்டுத்தான் மாட்டுவார்னு வாட்ச்மேன் சொல்லியிருக்கார். பாத்துட்டேன்னு எனக்குத் தெரியணும்ல, அதுக்காகத் துடைக்கறார். பெட்டி திரும்பி வர்றப்ப சரிபண்ணியும் இருக்கும். எத்தனையோ பேரோட ஓட்டியிருக்கேன், இந்த அளவுக்குப் பொறுப்பான ஆளைப் பாத்ததில்ல. எங்க வீட்டுலகூடச் சொல்லிக்கிட்டே இருப்பேன்… அண்ணன் பக்கத்துல இருக்காரா? வணக்கம்ணே."

சரிபண்ணியது டிப்போ மெக்கானிக்குகள், அவர்கள் பாட்டுக்கு. மூணிழுப்பு வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்லக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தார். மேற்பார்வையாளர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, போனிடம் கேட்டார்:

"நேத்து அந்தப் பெட்டில உள்டயர் வெடிச்சிருக்கு. அதுல குறி போட்டீங்களா?"

"வெடிச்சுதா! அண்ணனுக்கு ஒண்ணும் ஆகலியே?"

"ஒண்ணும் ஆகல. ஆனா இது அவருக்கு மூணாவது எழுத்து. ரூட் போயிடும். நீங்க குறி போட்டிருந்து அவர் எடுத்திருந்தா தப்பு அவர் மேல. போடலன்னா, வெளிய தெரியாத உள்டயரைச் சொல்லாம விட்டதுக்கு உங்க மேல எழுதலாம். போட்டீங்களா?"

அந்தப் பக்கம் எங்கோ ஒரு லாரி பின்னால் நகரும் மணியோசை மட்டும் கேட்டது.

"போடல சார்" என்றது குரல். "மறந்துட்டேன். என் தப்புதான்."

மேற்பார்வையாளர் பெருமூச்சு விட்டார். அவருக்கும் நிம்மதி. "சரிண்ணே, அவர் பேர்லயே எழுதச் சொல்லி அங்க அனுப்பிடறேன். நீங்க வண்டிய எடுங்க" என்று மூணிழுப்பிடம் சொல்லி நோட்டை மூடினார்.

மூணிழுப்பு எழுந்தார். எழுந்தவர் நகரவில்லை. முப்பத்தொன்றாவது படம் சட்டைப்பையில் இருந்தது, தட்டு அளவு வட்டமும் அம்பும், தேதி நேரத்தோடு. அதை யாரும் பார்க்கவில்லை. இனி பார்க்கவும் போவதில்லை. கதவுக்கு ஏழடி தூரம். வெளியே போனால் சாயங்காலம் ஆறு மணி, ஜன்னலோரம், சீப்பு.

இந்த ஆள் எதற்காக என் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறான்? பழக்கதோஷம், அவர் மூளை அதிலும் சந்தேகத்தைத்தான் தேடியது. என்னிடம் பிறகு ஏதாவது கேட்பானோ? இதில் அவனுக்கு என்ன லாபம்? 'என் தப்புதான்' என்ற அந்தச் சொல்லை மெதுவாக ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். அழுத்தி ஒரு தடவை இழுத்தார். அடியில் குனிந்து பார்த்துவிட்டு இன்னொரு தடவையும் இழுத்தார். அது கழன்று வரவில்லை. முகம்கூடத் தெரியாத ஒரு ஆள், இவரை நல்லவர் என்று நம்பிக்கொண்டிருக்கிற ஒரு ஆள், இவருக்காகப் பொய் சொன்னார். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. அவருக்கு வெட்கத்தில் காது சுட்டது. இந்தப் பொய்யில் தொங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் அவள் தலையில் எப்படிக் கை வைப்பது?

போனை எடுத்தார். கடைசிப் படத்தைத் திறந்து மேற்பார்வையாளர் முன்னால் வைத்தார்.

"அவர் போட்டிருந்தார் சார். நான்தான் துடைச்சேன். குனிஞ்சு பாக்கல."

மேற்பார்வையாளர் படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "அண்ணே, உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்றார் மெதுவாக. போன் இன்னும் இணைப்பில்தான் இருந்தது. "அய்யோ, ஏண்ணே காட்டினீங்க? நான்தான் சொல்லிட்டேனே" என்றது அந்தக் குரல். அதற்கு இவர், "வணக்கம்ணே" என்றார். முதலில் சொல்லாமல் விட்ட வணக்கம்.

மூன்றாவது எழுத்து விழுந்தது. திங்கட்கிழமை முதல் தூரவழி.

வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு கடையில் நின்று ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கினார். எதுவும் உடைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத்தான் வாங்கினார். அது மட்டும் மாறவில்லை.

ஆறு மணிக்கு அவள் முக்காலியில் இருந்தாள். அவர் கை கழுவிவிட்டு வந்து, சீப்பை எடுத்துக்கொண்டு, ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் திரும்பிப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கடைசிப் படத்தக் காட்டாம இருந்திருந்தா?"

"யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"ம்."

அவிழ்ந்த முடியை இடது கையால் முன்னால் இழுத்துப் பார்த்தாள். பிறகு, "அலமாரில பெரிய கத்திரிக்கோல் இருக்கு, எடுத்துட்டு வாங்க" என்றாள்.

அவருக்குப் புரிந்துவிட்டது. "வேணாம். பக்கத்து வீட்டு அம்மாகிட்டக் கேப்போம், தினமும் வந்து…"

"தினமும் ஒருத்தர் கையக் காலப் பிடிச்சு என் தலையச் சீவிக்க என்னால ஆகாது. பத்து நாள் சிக்குத் தலையோட உக்காந்திருக்கவும் ஆகாது. எடுத்துட்டு வாங்க."

"கோவமா?"

"கோவம்தான். கோவம் இல்லாம இருக்குமா? நீங்க பொறுப்பாக் குனிஞ்சு பாத்திருந்தா இது நடந்திருக்குமா?" இடது கையால் அலமாரியைக் காட்டினாள். "அந்த மனுஷன் பேர்ல எழுத விட்டுட்டு வந்திருந்தா இன்னும் கோவம் வந்திருக்கும். போங்க."

கத்திரிக்கோலைக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்தார். வழக்கம்போல் சிக்கெடுத்தார். வழக்கம்போல் மூன்றாகப் பிரித்து, இடுப்பு வரைக்கும் பின்னினார். அதற்கு முன் அவ்வளவு சீராக அவர் பின்னியதே இல்லை. நுனியில் ஒரு ரப்பர் போட்டார், கழுத்தோரம் ஒன்று போட்டார். கை பழக்கத்தில் ஒரு தடவை இழுத்தார். அதற்குமேல் இழுக்க முடியவில்லை, பின்னலைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"என்ன, இன்னும் மூணு ஆகலியே" என்றாள் அவள்.

இரண்டாவது தடவை இழுத்தார். மூன்றாவது தடவையும் இழுத்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. பிறகு கத்திரிக்கோலை எடுத்து, மேல் ரப்பருக்குக் கீழே வெட்டினார்.